மூன்று விசைப்பலகையும் ஒரு மாறுதல் மனுவும்

"நேர்ல போய் ஒரு வார்த்தை கேக்கதுக்கு என்ன?" என்று சுதாராணி கேட்டாள்.

"எங்க ஆபீஸ்ல வாயால கேட்டா கேட்டதா ஆவாது," என்றான் பாலகணேஷ்.

"பின்ன எதால கேக்கணும்?"

"மனு குடுக்கணும்."

"குடுக்க வேண்டியதுதான?"

"கையால எழுதுன மனு செல்லாது. கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுக்கணும்."

"நீங்க அங்கன என்ன வேலை பாக்கீக?"

"டைப்பிஸ்ட்."

"அப்ப அடிக்கதுக்கு என்ன?"

பாலகணேஷ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் ஐந்து நாற்பது பஸ் வந்துவிட்டது. அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்த மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டான்.

அந்தக் கேள்வி கேட்கப்பட்டு ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டன. ஒவ்வொரு திங்கட்கிழமையும் குளத்தூரிலிருந்து விளாத்திகுளம் வந்து, அங்கே பஸ் மாறி, எட்டயபுரம் தாண்டிக் கோவில்பட்டியில் இறங்குகிற வரைக்கும் அவன் அதற்கான பதிலை யோசித்துக்கொண்டு வருவான். பதில் நீளமானது. மூன்று ஊர்த் தூரத்துக்குள் அடங்காது.

சுதாராணி குளத்தூரில் கிராம சுகாதாரச் செவிலியர். பிரசவ வலி ராத்திரி பகல் பார்த்து வருவதில்லை என்பதால் அவள் துணை சுகாதார நிலையத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. பாலகணேஷுக்குக் கோவில்பட்டியில், கரிசல் நில மேம்பாட்டு வாரியத்தின் வட்டார அலுவலகத்தில் வேலை. தினமும் போய் வரலாம் என்று கல்யாணத்துக்கு முன்னால் எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் விளாத்திகுளத்தில் கடைசி பஸ்ஸுக்கு ஓடிப் பார்த்தவர்கள் அல்ல. ஆகவே சனிக்கிழமை மத்தியானம் அவன் போவான், திங்கட்கிழமை விடியற்காலையில் திரும்புவான். மூன்று வயது மகள் கிழமைகளை வரிசையாகச் சொல்லக் கற்றுக்கொண்டபோது, "வெள்ளி, அப்பா, ஞாயிறு" என்று சொன்னாள். சுதாராணி அதைத் திருத்தவில்லை.

இதே வாரியத்துக்குக் குளத்தூரில் ஒரு கிளை அலுவலகம் இருந்தது. அங்கே ஒரு தட்டச்சர் பணியிடம் இரண்டு வருஷமாகக் காலியாக இருந்தது. அந்த நாற்காலியில் இப்போது ஒரு மூட்டை உளுந்து விதை உட்கார்ந்திருந்தது. கிளை அலுவலர் கடிதங்களைக் கையால் எழுதி, பஸ்ஸில் கோவில்பட்டிக்குக் கொடுத்து அனுப்புவார். அவற்றைப் பாலகணேஷ் தட்டச்சு செய்து தலைமைக்கு அனுப்புவான். 'தட்டச்சர் இல்லாமையால் இக்கிளையின் பணிகள் வெகுவாகத் தேங்கியுள்ளன, உடனடியாக ஒருவரை நியமிக்க வேண்டுகிறேன்' என்ற கடிதத்தை மாதம் ஒரு முறை பிழையில்லாமல் தட்டச்சு செய்து வந்தவன் அவன்தான்.

காலியிடம் இருந்தது. போக ஆள் இருந்தான். கணவன் மனைவி ஒரே ஊரில் பணிபுரியலாம் என்ற அரசாணையும் இருந்தது. இடையில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன.

முதல் கம்ப்யூட்டர் மாவட்ட அலுவலகம் கழித்துக் கொடுத்தது. அதில் பழைய விண்டோஸ். தமிழ் விசைகள் டைப்ரைட்டர் மெஷினில் இருந்த அதே வரிசை. தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்த பாலகணேஷின் விரல்களுக்கு அது தாய்வீடு மாதிரி. இரண்டாவது, தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் முதலாளி, தன் மகள் கல்யாணத்தை முன்னிட்டு அன்பளிப்பாகக் கொடுத்தது. அதில் கொஞ்சம் புதிய விண்டோஸ். ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் தமிழில் அம்மா வரும். மூன்றாவது, 2007-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. அதில் லினக்ஸ். தமிழ் 99 என்ற விசை வரிசை. உயிரெழுத்து எல்லாம் இடது கையில், மெய்யெழுத்து எல்லாம் வலது கையில்.

ஒரு பெட்டியில் அடித்ததை இன்னொரு பெட்டியில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். பிரிண்டர் இரண்டாவது பெட்டியில் மட்டும் இருந்தது.

இந்த நிலைமையைக் கண்காணிப்பாளர் மாயகிருஷ்ணன் ஒரே நாளில் சீர்செய்தார். முப்பத்தொரு வருஷம் சர்வீஸ் போட்டவர். சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா வைத்திருப்பார். அவர் பிறப்பித்த ஆணை இதுதான்: கடிதம் எந்த அலுவலகத்துக்குப் போகிறதோ, அந்த அலுவலகம் கொடுத்த கம்ப்யூட்டரில்தான் அதை அடிக்க வேண்டும்.

"அவிய குடுத்த பெட்டி இருக்க, வேற பெட்டியில அடிச்சு அவியளுக்கே அனுப்புனா என்ன நினைப்பாவ? ஒரு மரியாதை வேண்டாமா?" என்றார்.

பாலகணேஷின் மாறுதல் மனு கண்காணிப்பாளரிடம் தொடங்கி, மாவட்ட அலுவலகம் வழியாகத் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டிய மனு. அவன் அதை முதல் பெட்டியில் அடித்துக் கொடுத்தான். தலைமை அலுவலகத்தை அவமதிப்பதாகச் சொல்லித் திரும்பி வந்தது. மூன்றாவது பெட்டியில் அடித்துக் கொடுத்தான். மாவட்ட அலுவலகத்தைத் தாண்டிப் போவதாகத் திரும்பி வந்தது. அப்படியானால் இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று இரண்டாவது பெட்டியில் அடித்தான்.

மாயகிருஷ்ணன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது தீப்பெட்டி ஆபீஸ் குடுத்த பெட்டிலா?"

"ஆமா சார்."

"அப்ப அவியகிட்டதான் மாறுதல் கேக்கணும்," என்றார்.

அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்குக் கிண்டல் வராது.

வாயால் கேட்டுவிடலாமா என்று பாலகணேஷ் நினைத்த நாட்களும் உண்டு. ஆனால் மாயகிருஷ்ணனின் தலைக்கு மேலே, சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. 'வாய்மொழிக் கோரிக்கைகள் எக்காரணம் கொண்டும் ஏற்கப்பட மாட்டா.' அதைப் பார்த்ததும் அவன் தன் மேசைக்குத் திரும்பிவிடுவான். அந்தப் பலகைக்கு வாசகம் அடித்துக் கொடுத்ததும் அவன்தான்.

எட்டாவது மனு திரும்பி வந்த பிறகு அவன் அஸ்லமைக் கூட்டி வந்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். அஸ்லம் மூன்று பெட்டிகளையும் சுற்றி வந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, இது கால் மணி நேர வேலை. மூணு பெட்டியிலயும் ஒரே எழுத்துரு, ஒரே விசை வரிசை போட்டுரலாம். உங்க கைக்குப் பழகுன டைப்ரைட்டர் வரிசையே போதும். எதுல அடிச்சாலும் எதுலயும் படிக்கலாம்."

"செய்யும் பாய்."

"ரெண்டாவது பெட்டியில அந்த வரிசையை ஏத்தணும்னா அதோட சிடி வேணும். எங்க இருக்கு?"

சிடி கோப்பில் இருந்தது. பெட்டி வந்த அன்றே கணக்கர் பூவனநாதன் அதை முறைப்படி கோப்பில் சேர்த்திருந்தார். நடுவில் ஏற்கெனவே ஓட்டை இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. நாடாவை ஓட்டையில் கோத்து முடிச்சுப் போட்டு, முடிச்சு அவிழாமல் இருக்க அரக்கு உருக்கி ஊற்றி வாரிய முத்திரையும் குத்தியிருந்தார். அரக்கு சிடியின் பளபளப்பான பக்கத்தில் பாதிக்கு மேல் பரவியிருந்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு சிடிக்கு மரியாதை நடந்து இப்பத்தான் பாக்கேன்," என்றான் அஸ்லம்.

அவன் கடைக்குப் போய்த் தன்னுடைய சிடியை எடுத்து வந்தான். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வேலையை முடித்தான். சொன்ன மாதிரியே கால் மணி நேரம்தான். பாலகணேஷ் முதல் பெட்டியில் 'சுதாராணி' என்று அடித்தான். இரண்டாவதில் திறந்தான். சுதாராணி இருந்தாள். மூன்றாவதில் திறந்தான். அங்கேயும் இருந்தாள். அவன் கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் அவனுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. 'இவ்வலுவலகக் கம்ப்யூட்டர்கள் மூன்றும் இன்று பிற்பகல் 2.10 மணி முதல் எவ்வித முன் அனுமதியுமின்றி ஒன்றோடொன்று ஒத்துப்போவது தெரியவந்துள்ளது. இதற்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்க வேண்டும்.'

விளக்கத்தை எந்தப் பெட்டியில் அடிப்பது என்று கேட்கப் போனான். அதற்குள் மாயகிருஷ்ணன் அஸ்லமை வரச் சொல்லி, எல்லாவற்றையும் பழையபடி ஆக்கச் சொல்லிவிட்டார். அதுவும் கால் மணி நேர வேலைதான்.

"வருத்தப்படாதியும் அண்ணாச்சி," என்றான் அஸ்லம் போகும்போது. "நானும் எத்தனையோ ரிப்பேர் பாத்திருக்கேன். நல்லா இருந்ததை ரிப்பேர் ஆக்கச் சொல்லி இன்னைக்குத்தான் கேக்காவ."

இனி இப்படி நடக்கக் கூடாது என்பதற்காக விசைப்பலகை ஒருங்கிணைப்புக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் மாயகிருஷ்ணன். உறுப்பினர்கள் பூவனநாதனும் ஜீப் ஓட்டுநர் கடற்கரையும். அலுவலகத்தில் இருந்த நான்கு பேரில் பாலகணேஷ் மட்டும் குழுவில் இல்லை. விசைப்பலகையைப் பயன்படுத்துகிறவர் குழுவில் இருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானித்துவிட்டார்கள். கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை அடிப்பதற்காக மட்டும் அவன் அழைக்கப்பட்டான்.

மாயகிருஷ்ணன் எழுந்து நின்று பேசினார். மூன்று பேர் கூட்டமானாலும் அவர் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"இந்தப் பொறுப்புக்கு என்னையத் தலைவராப் போட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு விசையைக்கூட அழுத்துனதில்லை. மெஷின்லயும் இல்லை, கம்ப்யூட்டர்லயும் இல்லை. அதனால எந்தப் பலகை மேலயும் எனக்குச் சாய்வு கிடையாது. நடுநிலையான ஆளு. தெரிஞ்சவங்க வந்தா தெரிஞ்சதைத்தான் செய்வாங்க. நமக்கு அந்தக் கவலை இல்லை."

கடற்கரை மட்டும் கைதட்டினார். பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "சார், ஜீப்புல கியர் மாத்துத மாதிரி இதுல தமிழும் இங்கிலீசும் மாத்துதாங்களாமே. நான் கியர் மாத்தினா லாக் புக்குல எழுதுததில்லை. ஆனா எங்க போனேன், எதுக்குப் போனேன்னு எழுதுதேன்."

இந்தக் கருத்து குழுவுக்குப் பிடித்திருந்தது. மறுநாள் முதல் 'மொழிமாற்றப் பதிவேடு' நடைமுறைக்கு வந்தது. விசைப்பலகையைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கோ, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கோ மாற்றும் ஒவ்வொரு முறையும் நேரம், எந்த மொழியிலிருந்து, எந்த மொழிக்கு, என்ன நோக்கம் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். பூவனநாதன் மேலொப்பம் இடுவார். தமிழ்க் கடிதத்தின் நடுவில் ஓர் ஆங்கில எழுத்து வந்தால் போக ஒன்று, திரும்பி வர ஒன்று என இரண்டு பதிவுகள். பூவனநாதன் டீ குடிக்கப் போயிருந்தால் அவர் வரும்வரை ஆங்கிலத்திலேயே நிற்க வேண்டும். ஆடி மாதக் காற்றில் கரிசல் புழுதி ஜன்னல் வழியாக வந்து விசைகளின் மேல் படியும். அவன் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மையும் உண்டு. பெட்டிகள் சரியாக இயங்குகின்றனவா என்று பரிசோதிக்கத் தினமும் ஏதாவது ஒன்றை அடித்துப் பார்க்க வேண்டும் என்று குழு சொல்லியிருந்தது. எதை அடிப்பது என்று சொல்லவில்லை. பாலகணேஷ் தன் மாறுதல் மனுவையே அடித்தான். தினமும் அடித்தான். விரல்கள் அவனைக் கேட்காமலேயே 'பெறுநர்' என்று தொடங்கி, 'பணிவுடன் வேண்டுகிறேன்' என்று போய் நிற்கும். பேசிக்கொண்டே அடிப்பான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அடிப்பான். ஒருநாள் வேறொரு கடிதம் அடிக்க உட்கார்ந்து, முடித்துப் பார்த்தால் மனுவாக இருந்தது.

இருபத்தொன்பதாவது மனு புதிய காரணத்தோடு திரும்பி வந்தது. 'மனுதாரரின் மகளுக்கு முந்தைய மனுக்களில் மூன்று வயது எனவும், இம்மனுவில் நான்கு வயது எனவும் குறிப்பிடப்பட்டுள்ளது. இம்முரண்பாட்டுக்குத் தக்க விளக்கம் தருக.'

அந்தச் சனிக்கிழமை அவன் அதைச் சுதாராணியிடம் காட்டினான். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பாப்பா தரையில் உட்கார்ந்து அப்பாவின் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன விளக்கம் எழுதப் போறீக?"

"தெரியலையே."

"பிள்ளை வளந்துட்டுன்னு எழுதுங்க," என்றாள். "நீங்க பாக்காதப்ப வளந்துட்டுன்னு எழுதுங்க." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. புகை என்றாள். அது கேஸ் அடுப்பு.

செப்டம்பரில் குழு தன் இறுதி முடிவுக்கு வந்தது. குழப்பத்துக்கெல்லாம் காரணம் விசைகளின் மேல் தமிழ் எழுத்து இல்லாததுதான். ஆகவே ஒவ்வொரு விசையிலும் மூன்று வரிசைகளின் எழுத்துகளையும் ஒட்டிவிட வேண்டும். மாவட்டத்துக்குச் சிவப்பு, அன்பளிப்புக்குப் பச்சை, தலைமைக்கு நீலம். தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகத்திலேயே அடித்து வாங்கினார்கள். வந்தது லேபிள் கட்டு. ஒட்டுவது யார் என்ற கேள்வி எழுந்தது. அலுவலகத்தில் ஒருவருடைய பணிப் பட்டியலிலும் 'ஒட்டுதல்' இல்லை.

மூன்று விசைப்பலகைகளும் ஒரு சாக்கில் கட்டப்பட்டு, கடற்கரையின் ஜீப்பில் ஏறி, சீனித்தாயின் வீட்டுக்குப் போயின. சீனித்தாய் இருபது வருஷமாகத் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவள். அலுவலகச் சொத்து வெளியே போவதால் காவலுக்குப் பாலகணேஷ் கூடப் போனான்.

சீனித்தாய் ஒரு பலகையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை பக்கத்தில் இருந்தது.

"இத்தனை பொத்தானா? எல்லாத்துலயும் ஒட்டணுமாய்யா?"

"எழுத்து உள்ளதுல மட்டும் போதும் அக்கா."

"அப்ப மத்தது வெத்தாலா இருக்கும். எங்க கணக்குப்பிள்ளை வெத்துப் பெட்டி கண்டா கட்டையே திருப்பிருவாரு. நான் வெத்தா விடமாட்டேன்." பேசிக்கொண்டே அவள் கை ஓடியது. "இது எதுக்குய்யா உமக்கு?"

"மனு அடிக்கதுக்கு."

"என்ன மனு?"

சொன்னான். அவள் கை நிற்கவில்லை. ஆனால் ஒரு தடவை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"பொண்டாட்டி பிள்ளைகிட்ட போறதுக்கு இம்புட்டு லேபிள் ஒட்டணுமாக்கும்," என்றாள்.

அவள் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பலகையிலும் இருந்த நூற்றுச் சொச்சம் விசைகளில் ஒன்றையும் அவள் வெறுமையாக விடவில்லை. நீளமான இடைவெளி விசையில் மட்டும் ஒன்பது எழுத்துகள் இருந்தன. தீப்பெட்டிக்கு ஒட்டுவது போலவே லேபிளின் ஓரத்தை மடித்துப் பக்கவாட்டிலும் அழுத்தி ஒட்டியிருந்தாள். பசை காய்ந்ததும் ஒவ்வொரு விசையும் பக்கத்து விசையோடு சேர்ந்துகொண்டது. மறுநாள் பாலகணேஷ் 'க'வை அழுத்தினான். வரிசை முழுவதும் சேர்ந்து கீழே இறங்கி, சேர்ந்து மேலே வந்தது.

மாயகிருஷ்ணன் குனிந்து பார்த்தார். தம் விரலை நீட்டி ஓரத்தில் ஒரு விசையை அழுத்தினார். அவருடைய சர்வீஸில் அதுதான் முதல் விசை. வரிசை முழுவதும் அவருக்குப் பணிந்தது.

"இதுக்குப் பேருதான் ஒருங்கிணைப்பு," என்றார்.

பாலகணேஷ் ஒரு பிளேடு வாங்கி வந்து, இரண்டு நாள் உட்கார்ந்து, விசைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுத்தான். பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லாததால் எழுதவில்லை.

அக்டோபரில் ஒருங்கிணைந்த விசைப்பலகைத் திட்டத்தின் தொடக்க விழா வந்தது. சென்னையிலிருந்து இணை இயக்குநர் தங்கப்பாண்டியன் வந்தார். அலுவலக வாசலில் சாமியானா போட்டு, மூன்று பெட்டிகளையும் வெளியே கொண்டுவந்து, ஒரே நீள மேசையில் வரிசையாக வைத்திருந்தார்கள். கண்காணிப்பாளரின் தலைக்கு மேல் எப்போதும் இருக்கும் பலகையும் கழற்றப்பட்டு மேடைக்குப் பின்னால் மாட்டப்பட்டிருந்தது. மேசையின் நடுவே, பூமாலை போட்டு, மொழிமாற்றப் பதிவேடு பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. முன் வரிசையில் ஒட்டுப் பணிக்காகச் சால்வை போடப்பட்ட சீனித்தாய் உட்கார்ந்திருந்தாள். பின்னால் அஸ்லம் நின்றான். அவனை யாரும் அழைக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

இணை இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"தலைமை அலுவலகத்துல இருந்து போன வருஷம் மட்டும் விசைப்பலகை பத்தி நாப்பத்தாறு சுற்றறிக்கை அனுப்பியிருக்கோம். எந்த வட்டாரத்துல இருந்தும் ஒரு பதில் வரல. அதுல இருந்தே தெரியுது, எங்கயும் ஒரு பிரச்சினையும் இல்லைன்னு. இந்தக் கோவில்பட்டி வட்டாரம் ஒருபடி மேல போயி, பிரச்சினையைத் தானே உண்டாக்கித் தானே தீர்த்திருக்கு. மத்த வட்டாரங்கள் இதைப் பார்த்துக் கத்துக்கணும்."

மாயகிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது செயல்விளக்கம். 'கரிசல் நிலம் செழிக்கக் கணினித் தமிழ் வளர்க்க இணை இயக்குநர் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்' என்ற வாசகத்தைப் பாலகணேஷ் மூன்று பெட்டிகளிலும் அடித்துக் காட்ட வேண்டும். மூன்றிலும் ஒன்றுபோல வர வேண்டும். அவன் முதல் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தான். விசைப்பலகை ஆங்கிலத்தில் இருந்தது. தமிழுக்கு மாற்றப் பதிவேட்டைத் தேடினான். மாலைக்குள் இருந்தது.

"சார், தமிழுக்கு மாத்தணும். பதிவேட்டுல எழுதணும்," என்று மெதுவாகச் சொன்னான்.

"மாலை போட்ட பதிவேட்டைத் தொடக் கூடாது," என்றார் பூவனநாதன்.

"எழுதாம மாத்தட்டுமா?"

மாயகிருஷ்ணன் அவனைப் பார்த்த பார்வையில் அடுத்த குறிப்பாணை முழுவதும் இருந்தது. "இருக்கபடியே அடியும்," என்றார்.

பாலகணேஷ் அடித்தான். சாமியானாவுக்கு வெளியே வெயில் காய்ந்தது. தெருவில் ஒருத்தி ஒரு சின்னப் பிள்ளையைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளைக்கும் நான்கு வயது இருக்கும். ஒரு காலில் செருப்பு இல்லாமல் நொண்டி நொண்டி நடந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே அடித்தான். முதல் பெட்டியில் அடித்தான். நாற்காலியை நகர்த்தி இரண்டாவதில் அடித்தான். மூன்றாவதிலும் அடித்தான். மூன்றும் ஆங்கிலத்தில் இருந்ததால் மூன்றிலும் ஒரே மாதிரிதான் அடிக்க முடிந்தது. விரல்கள் தமக்குத் தெரிந்த பழைய டைப்ரைட்டர் வரிசையில் ஓடி, தாமாகவே ஓரிடத்தில் போய் நின்றன.

மூன்று திரைகளிலும் ஆங்கில எழுத்துகள் வரிவரியாக நின்றன. எந்த மொழியிலும் சேராத வார்த்தைகள். ஆனால் மூன்றும் எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருந்தன.

தங்கப்பாண்டியன் மூன்று திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் மாயகிருஷ்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட்டம் கைதட்டியது. அஸ்லம் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, கைதட்டாமல் பாலகணேஷைப் பார்த்தான்.

பாலகணேஷும் அப்போதுதான் திரையைப் பார்த்தான். யாருக்கும் புரியாத அந்த எழுத்துகள் அவனுக்கு மட்டும் புரிந்தன. எந்த விசை எந்தத் தமிழ் எழுத்து என்பது அவன் விரலுக்குத் தெரியும். அது வரவேற்பு வாசகம் இல்லை. 'பெறுநர்' என்று தொடங்கி, 'பணிவுடன் வேண்டுகிறேன்' என்று முடிந்திருந்தது.

கைதட்டல் ஓய்ந்தபோது முன் வரிசையிலிருந்து சீனித்தாய் கேட்டாள். "நான் ஒட்டுன எழுத்துலதான அடிச்சிருக்காரு? எனக்குப் படிக்கத் தெரியாது. அதுல என்ன எழுதியிருக்குன்னு யாராச்சும் படிச்சுக் காட்டுங்களேன்."

இணை இயக்குநர் திரையைப் பார்த்தார். மாயகிருஷ்ணனைப் பார்த்தார். மாயகிருஷ்ணன் பூவனநாதனைப் பார்த்தார். பூவனநாதன் கடற்கரையைப் பார்த்தார். கடற்கரை ஜீப்பைப் பார்த்தார்.

"அந்த அம்மா கேக்கறதும் நியாயம்தான்," என்றார் தங்கப்பாண்டியன். "எனக்குப் புரியுது. இருந்தாலும் எல்லாருக்கும் தெரியணும். அடிச்சவரே வாசிச்சிரட்டும். நடவடிக்கைக் குறிப்புல அப்படியே ஏத்திருங்க."

மைக் பாலகணேஷின் கைக்கு வந்தது. வரவேற்பு வாசகம் அவனுக்கு மனப்பாடம். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மாயகிருஷ்ணன் அதைத்தான் எதிர்பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். 'வருக வருக' வரும்போது கைகூப்பத் தயாராக இரண்டு கைகளையும் பாதித் தூரம் தூக்கி வைத்திருந்தார்.

அவருக்குப் பின்னால் பலகை தெரிந்தது. வாய்மொழிக் கோரிக்கைகள் எக்காரணம் கொண்டும். பாலகணேஷின் கால் வழக்கம்போல மேசைப் பக்கம் திரும்பியது. நேர்ல போய் ஒரு வார்த்தை கேக்கதுக்கு என்ன, என்று அவன் காதுக்குள் சுதாராணி கேட்டாள். அவன் இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

"பெறுநர்," என்று தொடங்கினான். மைக் ஒரு தடவை கீச்சிட்டு அடங்கியது. "உயர்திரு இணை இயக்குநர் அவர்கள். ஐயா. பொருள், பணிமாறுதல்."

மாயகிருஷ்ணனின் கைகள் பாதித் தூரத்திலேயே நின்றன.

"மேற்காண் பொருள் தொடர்பாக..." என்றான் பாலகணேஷ். அதற்கு மேல் அந்த வாசகம் அவன் வாயில் நிற்கவில்லை. இத்தனை மாதமாகத் தினமும் விரலில் ஓடியது, நாக்குக்கு வந்ததும் ஒட்டவில்லை. அவன் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தங்கப்பாண்டியனின் முகத்தைப் பார்த்தான்.

"ஐயா, எம் பொண்டாட்டி குளத்தூர்ல நர்சா இருக்கா. எம் பிள்ளையும் அங்கனதான் இருக்கு. மொத மனு அடிக்கும்போது அதுக்கு மூணு வயசு. இப்ப நாலு. அடுத்த மனு திரும்பி வாரதுக்குள்ள அஞ்சு ஆயிரும். குளத்தூர் ஆபீஸ்ல டைப்பிஸ்ட் நாற்காலியில உளுந்து மூட்டை இருக்கு. அதை எறக்கி வச்சுட்டு என்னைய அங்கன மாத்தி விட்டுருங்கய்யா."